பஸ் சார்ஜ்

ஒரு வழக்கு நடத்த எவ்வளவு செலவாகும்?

வக்கீல் ஃபீஸ் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் அனுபவப்பட்டவர் என்றால் கோர்ட் ஃபீஸ், ஸ்டாம்ப், டைப்பிங், ஜெராக்ஸ் என்று அடுக்குவீர்கள். குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்ததைக்கூடக் கணக்கில் சேர்ப்பீர்கள். பஸ் சார்ஜை மட்டும் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை. வாய்தாவுக்குப் போய்வந்த நாளின் கூலியையும் சேர்ப்பதில்லை.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதத் தோன்றும். தருமபுரி மாவட்டத்தில் ஒரு மலையடிவாரக் கிராமம் நடத்திய வழக்கை அப்படி எழுதிப் பார்க்கலாம், வாருங்கள். 1992ல் ஆரம்பித்த கணக்கு. ஹைகோர்ட்டில் முடியும்போது 2023.

கிராமத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். வாச்சாத்தி.

அரூரிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகும்போது அடிவாரத்தில் இருக்கிறது. மலையாளி என்கிற பழங்குடி மக்கள். (பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளாவைத் தேடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே விளக்கம் சொல்வார்கள்.) கொஞ்சம் மானாவாரி நிலம், கொஞ்சம் ஆடு மாடு, மற்றபடி காடும் கூலி வேலையும். சந்தனக்கட்டைக் கடத்தலும் வீரப்பன் வேட்டையும் உச்சத்தில் இருந்த காலம் அது. கட்டையைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, 1992 ஜூன் 20, சனிக்கிழமை, ஊருக்குள் ஒரு படை நுழைந்தது. வனத்துறை 155 பேர். போலீஸ் 108 பேர். வருவாய்த்துறை 6 பேர். மொத்தம் 269. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆண்கள் பெரும்பாலும் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் ஒரு மரத்தடியில் கூட்டினார்கள். அடி. அந்தக் கூட்டத்திலிருந்து 18 பெண்களைப் பிரித்து, கட்டையை எங்கே வைத்திருக்கிறாய் காட்டு என்று ஏரிப் பக்கம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே நடந்தது பாலியல் வன்கொடுமை. அந்தப் பதினெட்டில் 13 வயதுப் பள்ளி மாணவியும் உண்டு. மூன்று நாட்கள் ஊர் சூறையாடப்பட்டது. ஆடு மாடுகளை வெட்டிக் கிணற்றில் போட்டார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். இதெல்லாம் பின்னால் கோர்ட்டில் நிரூபணமான சங்கதி. நான் சேர்த்த மசாலா எதுவும் இல்லை.

இப்போது நம் விஷயம் ஆரம்பிக்கிறது.

அந்தப் பெண்கள் ராத்திரி முழுக்க அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைக்கப்பட்டார்கள். பிறகு ரிமாண்ட். சேலம் மத்திய சிறை. மொத்தம் 133 பேர். 90 பெண்கள், 15 ஆண்கள், 28 குழந்தைகள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சந்தன மரம் வெட்டியது, கடத்தியது! பாதிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் கோர்ட் காகிதத்தில் முதன்முதலாக ஏறியது குற்றவாளிகள் என்ற வரிசையில்தான். மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவோம் என்று முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு வக்கீல் இருந்திருக்க வேண்டாமா?

இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. எப்படிச் சொன்னது என்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சேலத்துக்கு வருவோம். கொஞ்சம் சுற்றுப்பாதைதான். சுவாரசியமான பாதை, பரவாயில்லை.

நம் நாட்டில் 'காசில்லாதவனுக்கும் வக்கீல்' என்ற யோசனையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது விவசாயிகளுக்காகவும் கம்யூனிஸ்டுகளுக்காகவும் வாதாடினார். அதற்குப் பரிசாக 1948ல் ஒரு மாதம் ஜெயில். 1952ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு எம்.எல்.ஏ. ஆனார். 1957ல் கேரளாவின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சர். பிறகு நீதிபதி, கடைசியில் சுப்ரீம் கோர்ட். உள்ளேயிருந்து கம்பியை எண்ணிப் பார்த்த நீதிபதிகள் நம் நாட்டில் அதிகம் கிடையாது.

அவரிடம் 1978ல் ஒரு வழக்கு வந்தது. மனுதாரர் பெயர் ஹோஸ்கோட். ஏழை எளியவர் என்றெல்லாம் நினைக்காதீர்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர், பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலை. அவர் செய்த காரியம், இன்னொரு பல்கலைக்கழகத்தின் போலி முத்திரை செய்து தரச் சொல்லி ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தது! கீழ்க்கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை? கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திரு. அவ்வளவுதான். ஹைகோர்ட் கடுப்பாகி மூன்று வருடம் ஆக்கியது. தீர்ப்பின் நகல் தன் கையில் உரிய காலத்தில் வந்து சேரவில்லை, அதனால்தான் அப்பீலுக்கு இத்தனை தாமதம் என்றார் ஹோஸ்கோட்.

அப்பீல் தோற்றது. ஆனால் அந்தச் சாக்கில் கிருஷ்ணய்யர் ஒன்றை எழுதி வைத்தார். ஜெயிலில் இருக்கிறவனுக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடு, அப்பீல் செய்ய அவனுக்கு வசதியில்லை என்றால் அரசு செலவில் வக்கீல் கொடு. இது கருணை இல்லை, உரிமை. ஆக, இந்தியக் கைதிக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்ததில் ஒரு போலி சீல் ஆசாமிக்கும் பங்கு உண்டு.

அடுத்து பீகார். 1979ல் பத்திரிகையில் ஒரு செய்தி. விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக நாள் ஜெயிலில் கிடக்கிறார்கள் என்று. புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் அதை எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு அரசு வக்கீல் கொடுக்காவிட்டால் விசாரணையே நியாயமான விசாரணை ஆகாது என்றார் நீதிபதி பகவதி.

அதே பீகாரில் பாகல்பூர். 30க்கும் மேற்பட்ட கைதிகளின் கண்களைப் போலீஸார் குத்தி, ஆசிட் ஊற்றிக் குருடாக்கிய கொடூரம். அந்த வழக்கு 1981ல் வந்தது. இவர்களை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது ஏன் வக்கீல் கொடுக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட் கேட்டது. அவர்கள் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது. என்ன பதில் பாருங்கள்! பகவதி மூன்று விஷயம் சொன்னார். வக்கீல் கொடுக்க வேண்டியது விசாரணை ஆரம்பிக்கும்போது இல்லை, முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற அந்த நாளிலேயே. உனக்கு இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் வேலை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பட்ஜெட் இல்லை, பணம் இல்லை என்று எந்த அரசும் இதில் கையை விரிக்க முடியாது.

இது 1981. சேலம் ஜெயில் கதவு வாச்சாத்திப் பெண்களுக்குத் திறந்தது 1992. நடுவில் பதினொரு வருடம்.

இதற்கெல்லாம் தலைமேல் அரசியல் சட்டத்திலேயே 39ஏ என்று ஒரு பிரிவு. 1976ல் சேர்த்தார்கள். பணமில்லை என்பதற்காக யாருக்கும் நியாயம் மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவிக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. அதைச் செயல்படுத்த 1987ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். நல்ல சட்டம். 12வது பிரிவில் யார் யாருக்கு இலவச வக்கீல் என்று பட்டியல் இருக்கிறது. பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள். இவர்களிடம் வருமானச் சான்றிதழ்கூடக் கேட்கக் கூடாது. ஒரு வாச்சாத்திப் பெண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழங்குடி, டிக். பெண், டிக். காவலில் இருக்கிறார், டிக். ஒரு தகுதி போதும் என்ற இடத்தில் மூன்று!

ஆனால் ஒரு சின்னச் சிக்கல். அந்தச் சட்டம் 1992ல் அமலில் இல்லை.

1987ல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சட்டம் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அமலுக்கு வருவதற்கு முன்பே 1994ல் அதற்கு ஒரு திருத்தம் வேறு கொண்டுவந்தார்கள். ஒருவழியாக விழித்துக்கொண்ட தேதி 1995 நவம்பர் 9. எட்டு வருடத் தூக்கம். அந்தத் தேதியைத்தான் இப்போது தேசிய சட்டப்பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கோர்ட் வாசலில் பேனர் எல்லாம் கட்டியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள்.

சரி, சேலத்துக்குத் திரும்புவோம்.

அந்தப் பெண்களுக்காக முதலில் பேச வந்தது எந்த அரசு அலுவலகமும் இல்லை. சம்பவம் நடந்து சில வாரம் கழித்து, தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகம் உள்ளிட்ட தோழர்கள் அந்த ஊருக்குப் போனார்கள். ஊரே காலி. (சண்முகம் 2025ல் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் ஆனார்.) விஷயம் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவனிடம் போனது. அரசாங்கமோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தது. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட் படியேறினார். அங்கிருந்து சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். எஸ்.சி., எஸ்.டி. கமிஷனின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி என்ற அதிகாரி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். வன்கொடுமை நடந்தது உண்மை என்று அரசுத் தரப்பிலிருந்தே ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. எத்தனை பெரிய அரசாங்கத்திலும் இப்படி ஒருவர் எங்காவது உட்கார்ந்திருப்பார். நம் அதிர்ஷ்டம்.

1995 பிப்ரவரி 24. சி.பி.ஐ. விசாரிக்க ஹைகோர்ட் உத்தரவு. மறுவருடம் குற்றப்பத்திரிகை. இப்போது பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. ஊருக்குள் நுழைந்த அதே 269 பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அதில் நான்கு பேர் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள். வாச்சாத்திப் பெண்கள் சாட்சிகள்.

நம் கணக்குப் புத்தகத்தின் கனமான பக்கங்கள் இனிமேல்தான்.

பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக எதற்கு வக்கீல், அதுதான் அரசு வக்கீல் இருக்கிறாரே என்று கேட்கலாம். சட்டப்படி சரிதான். குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் நடுவே நடப்பது. பாதிக்கப்பட்டவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவே. கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். ஆனால் எதிரே நிற்கிற 269 பேருக்கும் வக்கீல்கள் உண்டு. குறுக்கு விசாரணை என்றால் என்ன, எப்படியெல்லாம் கேட்பார்கள், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்களுக்கு யார் சொல்லித் தருவது?

இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்டிலும் 1994ல் எழுந்தது. அந்த வழக்கும் ஏழைப் பெண்கள் வழக்குதான். 1993ல் ராஞ்சியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போன வீட்டு வேலைப் பெண்களை ராணுவ வீரர்கள் சிலர் பலாத்காரம் செய்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்து வக்கீல் துணை வேண்டும், அந்த வக்கீலே கடைசிவரை கூட இருப்பது நல்லது, அதற்கான வக்கீல்களின் பட்டியல் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று ஒரு நாள் போய்க் கேட்டுப் பாருங்களேன். சும்மா, ஒரு பொது அறிவுக்காக.

வாச்சாத்திக்கு அந்தத் துணையாக நின்றது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும், என்.ஜி.ஆர். பிரசாத், வைகை, சம்கி ராஜ் போன்ற வக்கீல்களும்தான். கட்சி உங்களுக்குப் பிடிக்கும், பிடிக்காது, அது வேறு. இத்தனை வருடம் ஒரு கட்டைக் கைவிடாமல் தூக்கிக்கொண்டு அலைவது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்கள்.

அலைவது என்று சும்மா சொல்லவில்லை. வழக்கு முதலில் கோயமுத்தூரில். வாச்சாத்தியிலிருந்து அரூர், அரூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து ஈரோடு தாண்டிக் கோவை. ஒரு வழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் கிளம்பினால்கூடக் கோர்ட் உட்காரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முதல் நாளே போய்த் தங்க வேண்டும். எங்கே தங்குவது? பிறகு வழக்கு கிருஷ்ணகிரிக்கு மாறியது. 2008ல் தருமபுரிக்கு வந்தது. சொந்த மாவட்டத்தின் தலைநகருக்கு வழக்கு வந்து சேரவே பதினாறு வருடம்.

ஒரு வாய்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுப் பக்கம் எழுதுவோம். போக வர பஸ் சார்ஜ். கூடத் துணைக்கு வருகிறவருக்கும் அதே. சாப்பாடு. அன்றைய கூலி போச்சு. துணைக்கு வந்தவர் கூலியும் போச்சு. ஆட்டை யார் மேய்ப்பது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, அதற்குப் பக்கத்து வீட்டில் படுகிற கடன், நன்றிக்கடன். கோர்ட்டுக்குப் போனால், இன்றைக்கு இல்லை, அடுத்த மாதம் என்பார்கள். வரவுப் பக்கம் பூஜ்யம். இப்படி எத்தனை வாய்தா! வக்கீல் ஃபீஸ் என்ற கட்டத்தில் ஒரு பைசா இல்லாவிட்டாலும்கூட இந்த வழக்கைத் தனியாக ஒரு குடும்பத்தால் நடத்தவே முடியாது. இரண்டாவது வருடமே, போகட்டும் விடு என்று தோன்றிவிடும். எதிரே இருந்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். இவர்கள் தினக்கூலி. வழக்கு இழுக்க இழுக்க யாருக்கு வலிக்கும்?

ஆச்சரியம் என்னவென்றால், இந்த பஸ் சார்ஜ் சட்டத்திலேயே இருக்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள், 1995 மார்ச் 31 முதல் அமல். சி.பி.ஐ. விசாரணைக்கு ஹைகோர்ட் உத்தரவு போட்டதற்கு அடுத்த மாதம்! அதில் 11வது விதியைப் படித்தால் யாரோ விஷயம் தெரிந்த மனிதர்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றும். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் வீட்டிலிருந்து கோர்ட் வரைக்கும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் அல்லது உண்மையான பஸ் கட்டணம். பெண்ணாக இருந்தால் துணைக்கு வருபவருக்கும் உண்டு. அன்றைய கூலி, குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி. சாப்பாட்டுச் செலவு தனி. உடனே அல்லது மூன்று நாளுக்குள் பட்டுவாடா செய்ய வேண்டும். 2015ல் சட்டத்தையே திருத்தி, சாட்சிகளின் உரிமைகள் என்று தனிப் பிரிவே சேர்த்துவிட்டார்கள்.

இப்படி ஒரு விதி இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? படித்த நமக்கே இந்தக் கதி என்றால், அடிவாரத்துக் கிராமத்தில் யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒருவர் கூடவே இருந்து, எழுதிக் கொடுத்து, கேட்டு வாங்க வேண்டும். அந்த 'தெரிந்த ஒருவர்' யார்? பக்கத்திலேயே இருக்கிற வக்கீல்தான்.

அமெரிக்காவில் கிடியன் என்று ஒருவர். ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். 1961ல் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துச் சில்லறை திருடினார் என்று வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, கோர்ட்டும் தரவில்லை. தானே வாதாடினார், ஐந்து வருடம் தண்டனை. ஜெயிலில் உட்கார்ந்து பென்சிலால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். 1963ல் ஜெயித்தார். ஏழைக்கு அரசு வக்கீல் தந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. இதுவரை பலரும் சொல்கிற கதை. அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. மறுவிசாரணைக்கு வாதாட வெளியூரிலிருந்து பிரபல வக்கீல்கள் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார் கிடியன். உள்ளூர் வக்கீல் டர்னர்தான் வேண்டும் என்றார். டர்னருக்கு அந்தக் கடை, தெரு, முக்கிய சாட்சியின் ஜாதகம் எல்லாம் தெரியும். சாட்சியைக் கேட்க வேண்டியபடி கேட்டார். கிடியன் விடுதலை.

நம் தருமபுரிக்கு உள்ளூர் டர்னர்கள் எங்கிருந்து வருவார்கள்? 1992ல் இந்த மாவட்டத்துப் பையன் அரசு சட்டக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்றால் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று ஊரை விட்டுத்தான் போக வேண்டும். தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி வந்தது 2017ல். வாச்சாத்திக்குக் கால் நூற்றாண்டு கழித்து.

படித்துவிட்டால் போதுமா? பதிவு செய்ய வேண்டும். 1961ம் வருட வக்கீல் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய். ஆனால் நாடு முழுக்க பார் கவுன்சில்கள் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2024 ஜூலையில். சட்டத்தைக் காப்பாற்றுகிறவர்களின் சங்கத்துக்கே சட்டத்தை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது!

பதிவுக்கு அப்புறம் பயிற்சி. டாக்டருக்கு ஹவுஸ் சர்ஜன், சி.ஏ.வுக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப். வக்கீலுக்கு? சீனியரிடம் ஒரு வருடம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று 1995ல் பார் கவுன்சில் ஒரு விதி கொண்டுவந்தது. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1999ல் சுப்ரீம் கோர்ட் அதை அடித்துவிட்டது. அதற்குப் பதில் அகில இந்திய பார் தேர்வு வந்தது. தேர்வில் பாஸ் ஆகலாம், சாட்சியை எப்படிக் கேட்பது என்பதைச் சீனியர் ஆபீஸில்தான் கற்க வேண்டும். அங்கே சம்பளம்? பல ஆபீஸ்களில் ஆசீர்வாதம்தான். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 குறைந்தது தர வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் 2024ல் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து பணம் வந்தால்தான் முதல் ஐந்து வருடம் தாக்குப் பிடிக்க முடியும் என்றால், மலையடிவாரத்துப் பிள்ளை அந்தத் தொழிலில் எப்படி நிற்கும்?

சட்ட உதவிப் பட்டியலில் இருக்கிற வக்கீல்களின் கதையும் பணம்தான். ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை, அதுவும் தாமதமாக. அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு அனுபவசாலிகள் ஒதுங்கிக்கொள்வார்கள். 2022ல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. மாவட்டம்தோறும் முழுநேர வக்கீல்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி, தனியாக ஆபீஸ் போட்டு, ஏழைக் கைதிகளுக்கு வாதாடச் சொல்லும் திட்டம். ரிமாண்ட் நாளிலேயே வக்கீல் என்ற 1981ம் வருடத்து வார்த்தைக்கு ஓர் ஆள், ஒரு நாற்காலி, ஒரு மாதச் சம்பளம். ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. வாச்சாத்திப் பெண்கள் இன்று சேலம் ஜெயிலுக்கு வந்தால் முதல் பாதிக்கு அது உதவும். சாட்சிகளாகக் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கிய அடுத்த பாதிக்கு அங்கே வேலையில்லை. பட்டியல் வக்கீலைத்தான் தேட வேண்டும்.

அந்த அடுத்த பாதி எப்படி முடிந்தது?

2011 செப்டம்பர் 29. தருமபுரி முதன்மை செஷன்ஸ் நீதிபதி குமரகுரு தீர்ப்பு சொன்னார். 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். ஐந்தில் ஒருவர். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை இல்லை. வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. பலாத்காரக் குற்றத்துக்காகப் 17 பேர், அதில் 12 பேருக்குப் பத்து வருடம், 5 பேருக்கு ஏழு வருடம். மற்றவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம். வழக்கைத் தொடங்கிய நல்லசிவன் இதைப் பார்க்கவில்லை. அவர் 1997லேயே காலமாகிவிட்டார்.

தண்டனை பெற்றவர்கள் அப்பீல் போனார்கள். மறுபடி பன்னிரண்டு வருடம்.

2023 மார்ச் 4 அன்று ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே வந்தார். ஊரையும் சுற்றுப்புறத்தையும் பார்த்தார், மக்களிடம் பேசினார். கோவைக்கும் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இவர்கள் போய்க்கொண்டிருந்தது போக, கோர்ட் ஒரு நாள் எதிர்த்திசையில் பயணம் செய்தது.

தீர்ப்பு அந்த வருடம் செப்டம்பர் 29. தருமபுரித் தீர்ப்பு வந்த அதே தேதி. அப்பீல்கள் அத்தனையும் தள்ளுபடி. 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம், உயிரோடு இல்லாதவர்கள் என்றால் குடும்பத்துக்கு. அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்தே வசூல் செய்ய வேண்டும். வேலைவாய்ப்பு அல்லது சுயதொழிலுக்கு வழி செய்ய வேண்டும். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். 18 பெருக்கல் 10 லட்சம், ஒரு கோடியே எண்பது லட்சம். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு வரவுப் பக்கத்தில் விழுந்த பெரிய எண். தண்டனை பெற்றவர்களை உடனடியாகக் காவலில் எடுக்கும்படி செஷன்ஸ் கோர்ட்டுக்கு உத்தரவு போனது.